இலையுதிர் கால விழாவுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் பிள்ளைகள், வணக்கம் பெரியவங்க. மேல தகரத்தில மழை அடிக்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கும். திருகோணமலையில ஐப்பசி பிறந்தா இப்படித்தான். மைக்கைக் கிட்டப் பிடிச்சுக் கதைக்கிறன், பொறுத்துக்கொள்ளுங்க.

நிறையக் கேள்வி வந்து கிடக்கு. கொக்கான் வெட்டுறதைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்கிறாங்க, அதைப் பிறகு பாப்பம். ரொறன்ரோவில இருந்து ஒரு மகள் எழுதினது மட்டும் என்னை விடுகுதே இல்லை. உப்புவெளியில பிறந்து வளர்ந்த பிள்ளையாம். வாசிக்கிறன்: "ஐயா, எங்கட ஊர்ச் சங்கத்தால ஒக்டோபர் கடைசியில இலையுதிர் கால விழா ஒண்டு வைக்கிறம். நாலு வயசுப் பிள்ளையில இருந்து அம்மம்மாமார் வரைக்கும் வருவாங்க. கொஞ்ச நேரம் வெளியில, குளிர் கூடினா மண்டபத்துக்குள்ள. என்னென்ன விளையாட்டு வைக்கலாம்? போன வருசம் சங்கீதக் கதிரை வைச்சம். பத்து நிமிசத்தில பாதிப் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போயிட்டுதுகள்."

அந்தக் கடைசி வரியைப் பாருங்க. இந்தச் சனலைத் தொடர்ந்து பாக்கிறவங்களுக்கு நான் இப்ப என்ன சொல்லப்போறன் எண்டு தெரிஞ்சிருக்கும். அவுட்டான பிள்ளை எங்க நிக்குது? எந்த விளையாட்டைத் தெரிஞ்செடுத்தாலும் முதல்ல இதைக் கேளுங்க. பிள்ளைக்குப் போனில ஆசை எண்டு சொல்லுறது லேசு. விளையாடு எண்டு கூப்பிட்டு, ரெண்டு நிமிசத்தில வெளிய போ எண்டு விட்டது நாங்கதானே? அது பிறகு எங்க போகும்?

இஞ்ச ஒரு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தன். எந்த இடம் எண்டு சொல்லேல்ல, சொன்னா அவங்க கோவிப்பாங்க. சங்கீதக் கதிரை நடக்குது. ஒரு சின்னப் பெட்டை, ஆறு வயசிருக்கும், புதுச்சட்டை, காலில புதுச் சப்பாத்து, அது கடிக்குது போல, நொண்டி நொண்டி ஓடுறா. முதல் பாட்டு நிண்டதும் அவதான் அவுட். சோடாப் பெட்டி அடுக்கின இடத்தில போய்க் குந்திக்கொண்டு ஒரு வெறும் போத்திலில ஒட்டின கடுதாசியை நகத்தால உரிச்சுக்கொண்டே இருந்தா. முழுசா உரிச்சு முடிச்சா. அங்கால கடைசிக் கதிரைக்கு ரெண்டு வளர்ந்த பொடியன்கள் அடிபட, சனம் எல்லாம் கைதட்டுது. ஆர் கூட விளையாட வேணும் சொல்லுங்க? ஓடத் தெரியாத பிள்ளைதானே? அந்தப் பிள்ளையைத்தான் முதல்ல வெளியேத்துறம்.

அப்ப சங்கீதக் கதிரையே வேண்டாமா எண்டா, வேணும். கதிரையை எடுங்க, ஆளை எடுக்காதீங்க. பாட்டு நிண்டதும் இருக்கிற கதிரையில எல்லாரும் இருக்கவேணும். மடியில இருக்கலாம், கைப்பிடியில தொங்கலாம், ஆராவது பிடிச்சுக்கொள்ளலாம். பத்துப் பேருக்கு ஒம்பது கதிரை, பிறகு எட்டு, பிறகு ஏழு. மூண்டு கதிரையில பத்துப் பேர் நிக்கிற நேரம் மண்டபம் என்ன பாடுபடும் எண்டு வைச்சுப் பாருங்க. மடக்குக் கதிரை மட்டும் வேண்டாம், விரல் நசியும்.

இனி அந்த நாட்டு விளையாட்டுக்கு வருவம். அங்க இலையுதிர் காலம் எண்டா அப்பிள், பூசணி, சோளம், விழுந்த இலை. பழைய விளையாட்டு ஒண்டு, தொட்டியில தண்ணி விட்டு அப்பிளைப் போடுறது. அப்பிளுக்குள்ள கால்வாசி காத்துத்தான், அதால மிதக்கும். கையைப் பின்னால கட்டிக்கொண்டு வாயால கவ்வி எடுக்கவேணும். பல்லுப் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டிக்காரன் தலையை உள்ள விட்டு, அப்பிளைத் தொட்டியின்ர அடியோட அமத்திப் பிடிச்சுக் கவ்வுவான். பாக்க நல்ல சிரிப்பு. ஆனா ஒரே தண்ணியில அத்தனை பேரும் வாய் வைக்கிறதுக்கு எனக்கு மனம் வருகுதில்லை. அம்மம்மாமாருக்கும் சரிவராது, கட்டுப்பல்லு கழண்டு தொட்டிக்குள்ள போயிடும்.

அதுக்குப் பதிலா நூலில கட்டித் தொங்கவிடுங்க. அங்க டோனட்டைத் தொங்கவிட்டு, கை படாமல் சாப்பிடச் சொல்லுறாங்க. எங்கட புத்தாண்டுக்கு பணிஸ் சாப்பிடுற போட்டி அதேதானே! கயித்தில வரிசையாப் பணிஸ், ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் கயித்தை ஆட்டிக்கொண்டு நிப்பாங்க. இதில ஆரும் அவுட் இல்லை. பிந்தினவருக்கும் பணிஸ் மிச்சம் இருக்கு. சின்னப் பிள்ளைக்குக் கயித்தைப் பதிச்சுக் கட்டுங்க, வளர்ந்தவங்களுக்கு உயத்துங்க.

பூசணிக்காய்க்கு யானைக்குக் கண் வைக்கிறதை மாத்துங்க. பெரிய பூசணியில முகத்தை வரைஞ்சு, கண்ணைக் கட்டி மூக்கை ஒட்டவிடுங்க. ஒட்டினதைக் கழட்டாதீங்க, அப்படியே கிடக்கட்டும். நாலஞ்சு பேர் முடிக்கேக்க அந்தப் பூசணிக்கு நெத்தியிலயும் நாடியிலயும் மூக்கு இருக்கும். கண்ணைக் கட்டி மூண்டு சுத்துச் சுத்திவிடுறது இளசுகளுக்கு மட்டும், வயது போனவங்களைச் சுத்தாதீங்க, விழுந்தா இடுப்பு எலும்பு.

சாக்கோட்டம், தேசிக்காய் கரண்டி, மூண்டு கால் ஓட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சது. மூண்டு கால் ஓட்டத்தில பேரனையும் அம்மப்பாவையும் சோடி சேருங்க, நடந்தாக் காணும். முட்டி உடைக்கிறதை மண்டபத்துக்குள்ள வைக்கவே வேண்டாம். கண்ணைக் கட்டினவர்ர தடி எங்க போகும் எண்டு அவருக்கே தெரியாது.

இனி எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறன். இங்கிலாந்தில இந்தக் காலத்தில ஒரு மரத்தில இருந்து கொட்டை விழும். ஹோர்ஸ் செஸ்ட்நட் மரம். பளபள எண்டு மண்ணிறம், முள்ளுக் கோதுக்குள்ள இருக்கும். அந்த மரம் ரொறன்ரோத் தெருக்கரையிலயும் நிக்குது. அந்தக் கொட்டையை நடுவால துளைச்சு, சப்பாத்துக் கயிறு கோத்து முடிச்சுப் போடுவாங்க. ஒருத்தர் தன்ர கொட்டையை அசையாமல் தொங்கவிட்டுப் பிடிக்க, மற்றவர் தன்ர கொட்டையால ஓங்கி அடிப்பார். மாறி மாறி அடி. உடைஞ்சவர் தோல்வி. கொங்கர் எண்டு பேர். இதுக்கு உலகப் போட்டியே இருக்கு, நோர்தாம்ப்டன்ஷயரில 1965 இல துவங்கி ஒவ்வொரு ஒக்டோபரும் நடக்குது.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? போர்த்தேங்காய்! நான் அதைப் பற்றித் தனி வீடியோவே போட்டிருக்கிறன், பாக்காதவங்க பாருங்க. தேங்காயைத் தேங்காயால அடிக்கிறது, உடையாத தேங்காய் வெண்டது. சிங்கள ஆக்களும் பத்தினி தெய்வத்துக்கு பொர பொல் எண்டு இதைத்தான் அடிக்கிறாங்க. இஞ்ச தேங்காய் தெரிஞ்செடுக்கிறதே ஒரு கலை. சிரட்டை தடிச்சதா இருக்கவேணும். காதுக்குக் கிட்டப் பிடிச்சுச் சுண்டிப் பாத்தே இது எத்தனை அடி தாங்கும் எண்டு சொல்லுற ஆக்கள் இருந்தவங்க. ஒரு தேங்காய் வரிசையா நாலைஞ்சை உடைச்சிட்டா, பிறகு அந்தத் தேங்காய்க்கும் ஒரு பேர், அதின்ர சொந்தக்காரனுக்கும் ஒரு நடை.

கொங்கரிலயும் அப்படித்தான். வெண்ட கொட்டைக்கு வெற்றிக் கணக்கு ஏறும், தோத்த கொட்டையின்ர பழைய கணக்கும் அதோட சேரும். களவும் அதே மாதிரித்தான். அங்க வினாகிரியில ஊறப்போடுவாங்களாம், அவணில வைச்சு வாட்டுவாங்களாம், கொட்டை இறுகிறதுக்கு. அதால உலகப் போட்டியில கொட்டையையும் கயித்தையும் நடத்துறவங்களே குடுக்கிறாங்க. நீங்களும் அப்படிச் செய்யுங்க மகள். ஒரு கூடையில கொட்டை, கண்ணை மூடி ஒண்டை எடுக்கவேணும். உடைஞ்சா? கூடையில இருந்து இன்னொண்டு. கொட்டைதான் அவுட், பிள்ளை அவுட் இல்லை. ஆனா கவனம், அது சாப்பிடுற செஸ்ட்நட் இல்லை, நஞ்சு. நாலு வயசுகள் வாயில வைக்காமல் பாத்துக்கொள்ளுங்க. அடிக்கேக்க சிதறும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்க.

கயிறிழுத்தல் இல்லாமல் விழா இல்லை. 1900 இல இருந்து 1920 வரைக்கும் அது ஒலிம்பிக்கிலயே இருந்தது. சனம் நினைக்கிறது பாரம் கூடின பக்கம் வெல்லும் எண்டு. எங்கட கடற்கரையில கரைவலை இழுக்கிறதைப் பாருங்க. மெலிஞ்ச மெலிஞ்ச மனுசர். உடம்பைப் பின்னால சாய்ச்சு, குதியை மணலில புதைச்சு, அம்பா எண்ட வலை இழுக்கிற பாட்டைப் பாடி, அதில எல்லாரும் சேர்ந்து சொல்லுற இடத்தில மட்டும் இழுக்கிறது. மற்ற நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. இருபது பேர் ஒரே மூச்சில இழுத்தா வலை வரத்தானே வேணும்? உங்கட பக்கத்துக்கும் சத்தம் போட்டுக் குடுக்க ஒருத்தரை நிப்பாட்டுங்க. அதுக்கு அம்மம்மாமாரைப் போடுங்க, அவங்கட தொண்டைக்கு மைக் தேவையில்லை. கயித்தை ஒருத்தரும் கையில சுத்தக்கூடாது, இடுப்பில கட்டக்கூடாது. இறுகினா விரல் போகும். மெல்லிய நைலோன் கயிறும் வேண்டாம், அறுந்தா திருப்பி அடிக்கும்.

மட்டக்களப்புப் பக்கம் கொம்புமுறி எண்டு இருக்கு. வளைஞ்ச கொம்பு ரெண்டைக் கொளுவி, வடசேரி தென்சேரி எண்டு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு இழுக்கும். கண்ணகை அம்மன் சடங்கோட வந்தது. அங்க ஒருத்தரையும் வெளியேத்த ஏலாது, ஏனெண்டா நீங்க எந்தச் சேரி எண்டது பிறந்தவுடனயே முடிவாகிடும்!

இவ்வளவும் அந்த மகள் கேட்டதுக்குப் பதில். ஆனா அவ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. ஒரு சாமானும் இல்லாமல், பரிசும் இல்லாமல், இருக்கிற சனத்தை ஒரு மணித்தியாலம் எப்படி விளையாட வைக்கிறது? அதுக்கு என்னட்ட ஒரே பதில்தான், கிளித்தட்டு. சிரிக்காதீங்க, எல்லா வீடியோவிலயும் இவர் இதிலதான் வந்து நிப்பார் எண்டு கீழ எழுதுவீங்க, எழுதுங்க.

நிலாக் காலத்தில டச் பே கடற்கரையில ஈர மணலில குதியால கோடு கிழிச்சா ஆடுகளம் தயார். நீளப்பக்கமா நடுவால ஒரு கோடு, குறுக்கால நாலைஞ்சு கோடு. ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலயும் ஒருத்தர் தட்டு மறிப்பார், அந்தக் கோட்டை விட்டு அசையேலாது. மறிக்கிற பக்கத்தில ஒருத்தர்தான் கிளி, அவர் மட்டும் சுத்துக் கோட்டிலயும் நடுக்கோட்டிலயும் ஓடலாம். மற்றப் பக்கம் எல்லாத் தட்டையும் தாண்டி அந்தத் தொங்கலுக்குப் போய், திரும்பி வந்து பழம் எண்டு கத்தவேணும். எங்கட பக்கம் விளையாடுற முறையில, தாண்டேக்க மறிக்கிறவங்கட கையால ஒருத்தருக்கு அடி விழுந்தா அவருக்கு மட்டும் இல்லை, முழுப் பக்கமும் போய் மறிக்க நிக்கவேணும். மறிச்சவங்க உள்ள வருவாங்க. பாத்தீங்களா? சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில போய்க் குந்த ஆளே இல்லை. ஓட ஏலாதவரைக் கடைசிக் கோட்டில மறிக்க விடுங்க. அவர் கையை அகட்டிக்கொண்டு நிண்டாக் காணும், தப்பி வாறவனுக்குக் கடைசி நேரத்தில உயிர் போகும்.

மண்டபத்துக்குள்ள கோட்டுக்கு ஒட்டுற டேப் போடுங்க மகள். சாதாரண டேப் வேண்டாம், பெயின்ட் அடிக்கிறவங்க பாவிக்கிற டேப்பை வாங்குங்க. மற்றது கழட்டேக்க நிலத்தில பசை பிடிக்கும், பிறகு மண்டபக்காரன் கட்டின முற்பணத்தைத் தரமாட்டான்.