கால் மைல் கட்சி

நடுவர் ஐயா அவர்களே, அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் கூடியிருக்கும் பெங்களூர்த் தமிழர்களே, வணக்கம். ரசிகர்களையும் விளம்பரதாரர்களையும் பெரிதும் ஈர்க்க வல்லது வளைந்து சுற்றும் கார் பந்தயமா, நேராக ஓடும் டிராக் (drag) பந்தயமா என்பது இன்றைய வழக்கு. நான் நேராக ஓடும் கட்சி.

எதிரணியின் முதல் பேச்சாளர், "சில நொடிகளில் முடிந்துவிடுவதைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஐயா, என் அண்ணன் 2011இல் கடன் வாங்கிக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏறினார். கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். பாதை ஐந்து கிலோமீட்டருக்கும் மேல், மொத்தம் 60 சுற்று. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கார் கண்ணில் படுவது சுற்றுக்கு ஐந்தாறு நொடி. அறுபதையும் கூட்டினால் ஆறு நிமிடம். மீதி நேரமெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்ததும் அம்மா, "என்னடா பார்த்தாய்?" என்று கேட்டார். "சத்தம் கேட்டேன் அம்மா" என்றார் அண்ணன்.

டிராக் பந்தயத்தில் கிளம்பும் கோடும் முடியும் கோடும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. கால் மைல், அதாவது 402 மீட்டர். அருகருகே இரண்டு வண்டிகள், நடுவில் ஒரு விளக்குக் கம்பம். அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். மஞ்சள் எரிந்து பச்சை விழும். இமைப்பொழுது முந்திக் கிளம்பினால் சிவப்பு எரியும், ஆட்டம் முடிந்தது. இமைப்பொழுது தயங்கினாலோ, வேகமான வண்டி வைத்திருப்பவரும் தோற்பார். வண்டி நகர்ந்த பிறகுதான் அதற்குரிய கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் தாளில் குறைந்த நேரம் எழுதப்பட்டவர் தோற்று, கூடுதல் நேரம் எழுதப்பட்டவர் வெல்வதும் உண்டு. பச்சை விழுந்த அந்தக் கணத்தில் கிளட்ச்சை விட்ட கைதான் அவரை ஜெயிக்க வைத்தது. என் அப்பா இதை எனக்கு விளக்கியபோது எனக்கு வயது பதினொன்று. அன்று முதல் நான் ஓட்டுநரின் கையைத்தான் பார்க்கிறேன்.

அப்பா ஸ்ரீராமபுரத்தில் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர். ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் துளைகளை அரத்தால் ராவி, நூல் பிசகாமல் திறப்பை மாற்றுவார். டிராக் போட்டி நடந்த ஒரு நாள் என்னைக் கூட்டிப் போனார். ஓடுபாதைக்குப் பின்னால் கூடாரம் கூடாரமாக வண்டிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நிறத்தைப் பார் பாப்பா, பெட்ரோல் கூடிவிட்டதா என்று இதுவே சொல்லிவிடும்" என்றார். அன்றைக்கு யார் ஜெயித்தார் என்பது எனக்கு நினைவில்லை. அந்தப் பிளக்கின் கரி மட்டும் இன்னும் விரலில் இருப்பதுபோல் இருக்கிறது.

அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ நடத்தும் போட்டிகளில் இதுவே விதி: எந்த டிக்கெட் எடுத்தாலும் குழுக்கள் வேலை செய்யும் இடத்துக்குள் போகலாம். அங்கே டாப் ஃப்யூயல் என்று ஒரு வகை. நைட்ரோமீத்தேன் குடிக்கும் எஞ்சின், ஏறத்தாழ 11,000 குதிரைத் திறன். நான்கு நொடிக்குள் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஓடி முடித்ததும் அந்த எஞ்சினைக் குடலோடு பிரித்து, அடுத்த சுற்றுக்குள் மாட்டுகிறார்கள். வேலிக்கு அருகில் நின்று குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

2019இல் நெட்பிளிக்ஸில் வந்த தொடர் ஃபார்முலா ஒன்னுக்கு எத்தனை புதிய ரசிகர்களைக் கொண்டுவந்தது என்று எதிரணிப் பேராசிரியர் அம்மா பெருமையாகச் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தத் தொடர் என்ன செய்தது? கேமராவைப் பட்டறைக்குள் கொண்டுபோனது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் மனிதரைக் காட்டியது. அடைத்து வைத்திருந்த கதவைத் திறந்ததும் கூட்டம் வந்தது. எங்கள் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது அம்மா.

நேர்ப்பாதை ஓட்டம் நமக்கு அந்நியமா? கொங்கு நாட்டில் 200, 300 மீட்டர் ரேக்ளாவுக்கு விடியும் முன்பே பாதையின் இருபுறமும் ஆள் நிற்கிறார்கள். 2023 நவம்பரில் நம் அரண்மனை மைதானத்தில் கம்பளா நடந்தது. அருகருகே இரண்டு சேற்றுப் பாதைகள், இரண்டு ஜோடி எருமைகள், சில நொடி ஓட்டம். கடலோரக் கன்னட ஊர்களின் விளையாட்டுக்கு இந்த நகரமே திரண்டு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

விளம்பரதாரருக்கு வருகிறேன். எதிரணி சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் இரண்டு மணி நேரம் ஒரு பெயரைக் காட்டிக்கொண்டிருக்க எங்களால் முடியாது. 2002 முதல் என்எச்ஆர்ஏ தொடரைத் தாங்கிய கோகோ-கோலா 2020இல் விலகியதும் நடந்ததே. அதே ஆண்டில் கேம்பிங் வேர்ல்ட் வந்தது. 2024 முதல் மிஷன் ஃபுட்ஸ். இது டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டி செய்யும் நிறுவனம். ரொட்டிக்காரர் ஏன் வருகிறார்? நாள் முழுவதும் குடும்பத்தோடு கூடாரங்களுக்கு நடுவே நடக்கும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான் அவருடைய கடை.

நம் நாட்டில் பெரும்பணத்தோடு வந்த பந்தயங்களையும் எண்ணிப் பாருங்கள். ஃபார்முலா ஒன் 2011 முதல் 2013 வரை மூன்றே முறை. ஹைதராபாத்தில் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார் பந்தயம் 2023இல் ஒரு முறை. கிரேட்டர் நொய்டாவில் மோட்டோஜிபி பைக் பந்தயம் அதே ஆண்டில் ஒரு முறை. அவ்வளவு செலவில் வந்த விளையாட்டு வந்த வேகத்தில் போனது.

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்கினால் என் மனம் ஆறாது. 1976க்குப் பிறகு ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயத்தில் ஒரு பெண்கூட ஓடவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1977இல், ஷிர்லி மல்டவுனி ஆண்களைத் தோற்கடித்து டாப் ஃப்யூயல் பட்டம் வென்றார். 1980இலும் 1982இலும் மீண்டும் வென்றார். பிரிட்டனி ஃபோர்ஸ் 2017, 2022 ஆண்டுகளின் சாம்பியன். பெண்ணுக்கென்று தனிப் பிரிவு இல்லை; அதே வண்டி, அதே விளக்கு. ரசிகர்களில் பாதியை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு எதிரணி ரசிகர்களைப் பற்றிப் பேசலாமா?

தெருவில் பையன்கள் சாவதற்கு எங்கள் பந்தயமே காரணம் என்று கடைசியாகப் பேசிய தம்பி குற்றம் சாட்டினார். தம்பி, 1951இல் வாலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ தொடங்கியதே தெருவில் ஓடிய பையன்களை முறையான பாதைக்குக் கொண்டுவரத்தான். பலமுறை தேசிய டிராக் சாம்பியனான ஹேமந்த் முத்தப்பா நம் பெங்களூர்க்காரர். ஆனால் தேசியப் போட்டியில் ஓட இந்த ஊர்ப் பையன்கள் சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குப் போகிறார்கள். போக வசதியில்லாதவன் இரவில் விமான நிலையச் சாலைக்குப் போகிறான். எங்கள் தெருவில் அப்படிப் போன ஒருவன் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறான். அவனுக்கு வயது பத்தொன்பது.

ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். ஃபார்முலா ஒன் காரில் உங்கள் கடைப் பெயரை எழுத உங்களால் முடியாது. ஒரு நேர்ப்பாதைக்கு நீங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். இருபுறமும் தடுப்பு, ஓர் ஆம்புலன்ஸ், ஒரு விளக்குக் கம்பம். அதற்குப் பணம் போட்டவர் பெயரை அந்தப் பையன்கள் பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். சங்கிலி அறுந்தால் மறுநாள் காலை உங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.