கைக்குப் பொருந்தும் மவுஸ்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கணினி பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை கேமிங் மவுஸ் கேட்கிறான். அதையே நானும் அலுவலக வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா, இல்லை தனித்தனியாக வாங்க வேண்டுமா?" என்பார்கள். ஒன்றே போதும். விளையாட்டுக்கு நன்றாக உழைக்கும் மவுஸ், கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

அந்த எண்ணுக்கு டிபிஐ என்று பெயர். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை நுண்ணிய படிகளாக அந்த நகர்வை எண்ணிக் கணினிக்குச் சொல்கிறது என்பதுதான் டிபிஐ. 8,000, 12,000, 26,000 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்டி திரையின் அகலம் 1,920 புள்ளிகள். விண்டோஸ் அமைப்பில் அம்பின் வேகத்தை நடுவில் வைத்து, மவுஸை 800 டிபிஐக்கு அமைத்தால், கையை 6 சென்டிமீட்டர் நகர்த்தும்போது அம்பு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேரும். 12,000 டிபிஐயில் வெறும் 4 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். தும்மினால் கூட அம்பு திரையை விட்டு ஓடிவிடும். கவுன்டர் ஸ்டிரைக் என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் 400 அல்லது 800 டிபிஐயில்தான் விளையாடுகிறார்கள். பரிசுப் பணத்துக்காக ஆடுகிறவர்களுக்கே அது போதுமானதாக இருக்கும்போது, மிச்ச ஆயிரங்களுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கையில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், முடிந்தால், இப்போதே கையை மேசை மேல் வைத்து, மவுஸைப் பிடித்திருப்பது போல விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்து, விரல்கள் நீண்டு கிடக்கின்றனவா? அப்படியானால் முதுகு நன்றாகப் புடைத்த, சற்றுப் பெரிய மவுஸ் உங்களுக்கு வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பட்டு, விரல்கள் வளைந்து செங்குத்தாக நிற்கின்றனவா? புடைப்பு பின்பக்கம் தள்ளி இருக்கும் மவுஸ் பொருந்தும். உள்ளங்கையே படாமல் விரல் நுனிகளால் மட்டும் தள்ளுகிறீர்களா? சிறியதாகவும் தட்டையாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக எடை குறைந்ததாகவும் வாங்குங்கள்.

அடுத்து ஓர் அளவுகோலை எடுத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் சிறிய கை. 20ஐ ஒட்டி வந்தால் பெரிய கை. லாஜிடெக் ஜி102 மவுஸின் நீளம் ஏறத்தாழ 11.7 சென்டிமீட்டர். ரேசர் டெத்ஆடர் வரிசையில் வருபவை 12.7 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் பெரியதைக் கொடுத்தால், சுண்டுவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டைப் பற்ற முடியாமல் தவிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால்தான் பிள்ளையையும் கடைக்கு அழைத்துவாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். செருப்பு வாங்கும்போது காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா?

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுவார்கள். அதில் 60 கிராமுக்கும் 100 கிராமுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். அலுவலக வேலைக்கு அது பெரிய விஷயமில்லை. பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான்கள் வைத்த மவுஸ்களும் உண்டு. அவை ஏராளமான மந்திரங்களையும் ஆயுதங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் விளையாட்டுகளுக்கு உரியவை. மற்றவர்களுக்குக் கட்டைவிரல் பக்கம் இரண்டு பொத்தான்கள் போதும். உலாவியில் முந்தைய பக்கத்துக்குப் போகவும் திரும்பி வரவும் அவை உதவும். நாள் முழுக்க இணையத்தில் வேலை பார்ப்பவருக்கு இது பழகிவிட்டால், பொத்தான் இல்லாத மவுஸைத் தொடவே பிடிக்காது.

வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா? மவுஸ் தன் நகர்வை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குச் சொல்கிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் குறிப்பார்கள். சாதாரண மவுஸ்கள் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை சொல்லும். கேமிங் மவுஸ்கள் 1,000 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு மில்லி விநாடியும் சொல்லும். இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு, காசு கொடுக்கலாம். 8,000 ஹெர்ட்ஸ் என்று இப்போது வருவதற்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், அதில் ஒரு படம் மாறவே 16 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. புளூடூத் வழியாக இணையும் மவுஸ் வேலைக்கு நல்லது, வேகமான விளையாட்டுக்குச் சரிவராது. கணினியில் சொருகும் சிறிய யுஎஸ்பி ரிசீவருடன் வரும் நல்ல கேமிங் மவுஸ் வயர் உள்ளதற்குச் சளைத்ததல்ல. ஆனால் அந்த ரிசீவரைக் கணினிப் பெட்டியின் பின்னால், யுஎஸ்பி 3 துளையில் சொருகிய ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். யுஎஸ்பி 3 இணைப்பின் மின்காந்த இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும். அம்பு திக்கித் திக்கி நகரும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மவுஸ் பேடுக்கு அருகில் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் மேசைக்குப் பழுதாகி வரும் மவுஸ்களில் அதிகம் பார்ப்பது இரட்டைக் கிளிக் கோளாறுதான். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். கோப்பை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி, வேறொரு கோப்புறைக்குள் விழும். மவுஸைத் திறந்தால் இடது பொத்தானுக்கு அடியில் நகத்தளவு கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். அழுத்தும்போது அது கீழே தொட்டு மின்சாரத்தைக் கடத்துகிறது. தொடும் முனை தேய்ந்தோ, கறுத்தோ போனால் தொடுகை அதிர ஆரம்பிக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஒளியால் இயங்கும் சுவிட்சுகளைச் சில நிறுவனங்கள் கொண்டுவந்தன. அவற்றில் தொட்டுத் தேயும் உலோக முனை கிடையாது. நாள் முழுக்கக் கிளிக் செய்யும் தொழிலில் இருப்பவர்கள் இதற்காகச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம், தவறில்லை.

நம் ஊர் வெயிலும் வியர்வையும் மனதில் இருக்கட்டும். பக்கவாட்டில் மெத்தென்று ரப்பர் பூச்சு பூசிய மவுஸ் கடையில் கைக்குச் சுகமாக இருக்கும். இரண்டொரு கோடை போனதும் அந்தப் பூச்சு இளகிப் பிசுபிசுத்து, விரலில் கறுப்பாக ஒட்டத் தொடங்கும். எவ்வளவு துடைத்தாலும் திரும்பத் திரும்ப ஒட்டும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் இங்கே நிலைக்கும்.

விலை? 2,000 ரூபாய்க்குள்ளேயே, வயர் உள்ள, 1,000 ஹெர்ட்ஸ் வேகமுள்ள நல்ல மவுஸ் கிடைக்கிறது. மிச்சப் பணத்தில் அகலமான துணி மவுஸ் பேடு ஒன்று வாங்குங்கள். மவுஸின் அடியில் உள்ள ஒளி உணரி, தனக்குக் கீழே இருக்கும் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டு நகர்வை அறிகிறது. கண்ணாடி மேசையிலும் வழவழப்பான பளிங்கிலும் ஒப்பிடுவதற்கு அடையாளமே அகப்படாமல் பல மவுஸ்கள் தடுமாறும். வாங்கி வந்ததும் விண்டோஸ் அமைப்புகளில் அம்பின் துல்லியத்தைக் கூட்டும் தேர்வு ஒன்று இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். அது இருக்கும் வரை, கையை வேகமாக வீசினால் அம்பு ஒரு தூரமும், அதே அளவை மெதுவாக நகர்த்தினால் வேறு தூரமும் போகும். குறி பார்த்து ஆடும் பிள்ளைக்குக் கை பழகாது.

இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமிங் மவுஸ்களில் பெரும்பாலானவை வலது கைக்கென்றே வளைத்துச் செய்யப்பட்டவை. அவற்றை இடது கையில் பிடித்தால் பெருவிரலுக்கு இடமிருக்காது. பிள்ளையை வலது கைக்கு மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள சமச்சீர் மவுஸ்கள் கடைகளில் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இடது பொத்தானையும் வலது பொத்தானையும் மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, அரை நிமிட வேலை.

நன்றி, வணக்கம்.