மைட்டோகாண்ட்ரியா செல்லைச் சாகடிப்பது எப்படி?

[திரையில்: பள்ளி வினாத்தாள். ஒரு கேள்வி மட்டும் பெரிதாகிறது.]

"செல்லின் ஆற்றல் நிலையம் எது?" ஒரு மதிப்பெண் கேள்வி. மைட்டோகாண்ட்ரியா என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அதே மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, செல்லைச் சாகடிப்பது. இன்றைக்கு அதைப் பார்க்கலாம்.

செல் சாவதில் பல வகை. அடிபட்டு வெடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டி, அந்த இடம் சிவந்து வீங்கும். ஆனால் சத்தமில்லாமல், திட்டம் போட்டுச் சாகும் செல்களும் உண்டு. கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருந்தது. விரல்களுக்கு நடுவே இருந்த செல்கள் செத்த பிறகுதான் ஐந்து விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. 1972-இல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் இந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

[திரையில்: மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்குவெட்டு. இரண்டு சவ்வுகள், நடுவே சிவப்புப் புள்ளிகள்.]

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். அவற்றுக்கு நடுவே உள்ள சந்தில் இருக்கும் இந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் சைட்டோக்ரோம் சி. 104 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இரும்பு இருப்பதால் சிவப்பு. ஓரிடத்தில் எலக்ட்ரானை வாங்கி அடுத்த இடத்தில் கொடுப்பது இதன் அன்றாட வேலை. இது நின்றால் நாம் இழுக்கும் ஆக்சிஜனுக்கே வேலையில்லை.

சரி, இதற்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?

1996-இல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் ஷியாவ்டாங் வாங் குழுவினர், ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்களை உடைத்துச் சாறு எடுத்தார்கள். அதில் டிஏடிபி என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்ததும், சாகும் செல்லில் நடக்கும் வேலைகள் சோதனைக்குழாயிலேயே தொடங்கின. எந்தப் புரதம் இதைச் செய்கிறது என்று சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால், கையில் கிடைத்தது சைட்டோக்ரோம் சி! மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்க வேண்டிய ஆள் இங்கே எப்படி வந்தது? செல்லை உடைத்தபோது மைட்டோகாண்ட்ரியாவும் கிழிந்து கசிந்திருந்தது. சர்க்கரைக் கரைசலில் பக்குவமாக, மைட்டோகாண்ட்ரியா உடையாமல் எடுத்த சாறு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தது. அதில் சைட்டோக்ரோம் சி-யைச் சேர்த்ததும் வேலை தொடங்கிவிட்டது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் தெரியாமல் நடந்த கசிவை, சாகப்போகும் செல் தெரிந்தே செய்கிறது.

[திரையில்: ஏழு ஆரங்கள் கொண்ட சக்கரம் ஒன்று சேர்கிறது.]

வெளியே வந்த சைட்டோக்ரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அப்படி ஏழு ஜோடிகள் கூடி ஒரு சக்கரமாகின்றன. சக்கரம் காஸ்பேஸ்-9-ஐ எழுப்ப, அது காஸ்பேஸ்-3-ஐ எழுப்பும். காஸ்பேஸ்கள் கத்தரிக்கோல் மாதிரி. செல்லின் சட்டகத்தை நறுக்கும். டிஎன்ஏவை வெட்டும் நொதியைக் கட்டவிழ்த்துவிடும். செல் சுருங்கிச் சிறு உருண்டைகளாகப் பிரிய, பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். ஒளிரும் சைட்டோக்ரோம் சி-யை வைத்துப் படம் பிடித்தபோது, கசிவு தொடங்கினால் சுமார் 5 நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடுவது தெரிந்தது.

கதவைத் திறப்பது யார்? பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள். வெளிச்சவ்வில் ஓட்டை போடுவது இவைதான். இவற்றை அடக்கி வைக்கும் காவலாளி பிசிஎல்-2. டிஎன்ஏ பழுதானால் பி53 புரதம் 'பூமா' போன்ற ஆட்களை அனுப்பும். அவை காவலாளியின் கையைப் பிடித்துக்கொள்ள, கதவு திறந்துவிடும்.

காவலாளி அளவுக்கு மீறிப் பெருகினால்? சாக வேண்டிய செல் சாகாது. பிசிஎல்-2 முதலில் அகப்பட்டதே ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயில்தான். அது செல்களை வேகமாகப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைக்கிறது என்று 1988-இல் மெல்போர்னில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் காட்டினார்கள்.

[திரையில்: சிறிய மாத்திரை.]

2016-இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்து, பூமாவின் வேலையைத்தான் செய்கிறது. பிசிஎல்-2-இன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புற்றுச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஒரேயடியாகச் செத்தால் அந்தக் கழிவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதனால் அந்த நோய்க்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, 5 வாரம் படிப்படியாகக் கூட்டி, 400-க்குக் கொண்டுபோகிறார்கள்.