மலிவு விலைக் கடைத்தெருவை மந்தநிலை சாய்க்காது, வாடகைதான் சாய்க்கும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நகரத்தின் நடுவில் ஒரு குறுகலான தெரு, அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் குட்டிக் குட்டிக் கடைகள், மேலே தொங்கும் துணி, கீழே பரப்பிய பிளாஸ்டிக் சாமான், காதைத் துளைக்கும் கூவல். இப்படி ஒரு கடைத்தெரு உலகத்தின் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் இருக்கும். பொருளாதார மந்தநிலை வந்து பளபளப்பான மால்களில் வரிசையாக ஷட்டர் இறங்கும்போதுகூட இந்தத் தெருக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகின்றன. ஏன் என்று கேட்டால், கையில் காசு குறைந்தால் ஜனம் மலிவான இடத்துக்குத்தானே வரும் என்பார்கள்.

சரி, அது பாதி உண்மை. 2007 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய மந்தநிலை 2009 ஜூன் வரை நீடித்தது. அது முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்ட பிறகும் வேலையின்மை ஏறிக்கொண்டே போய் அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2008-ல் டௌ ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீட்டின் 30 நிறுவனங்களில் இரண்டே இரண்டின் பங்குதான் ஏற்றத்தில் வருடத்தை முடித்தது: வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ். இரண்டுமே மலிவு விலையை நம்பிப் பிழைப்பவை. அப்போ மலிவு என்றால் ஜெயிப்பு என்று முடிவுக்கு வந்துவிடலாமா?

வர முடியாது, ஏனென்றால் அதே வருடம் பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் விழுந்தது. 1909-ல் லிவர்பூலில் முதல் கடையைத் திறந்து, மலிவு சாமான் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக வளர்ந்த கம்பெனி அது. 2008 நவம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போனது, 2009 ஜனவரி 6-ம் தேதி கடைசிக் கடையும் மூடப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 27,000 பேரின் வேலை. இவ்வளவுக்கும் விற்றது மலிவு சாமான்தான், வந்ததும் காசு குறைந்த காலம்தான். பின்னால் போய்ப் பார்த்தால் வாடகை நிற்கிறது. 2001-ல் தாய்க் கம்பெனியிடமிருந்து பிரிந்த சமயத்தில் 180-க்கும் மேற்பட்ட கடைக் கட்டிடங்கள் விற்கப்பட்டன. சொந்தமாக இருந்த இடத்துக்கு, ஏறிக்கொண்டே போகும் வாடகை கொடுக்கும் நிலை. அதற்கு மேல் கடன். 2008-ல் சரக்கு தருபவர்களுக்கான கடன் காப்பீட்டை, அதாவது கடை பணம் தராவிட்டால் ஈடு கிடைக்கும் என்ற பாதுகாப்பை, காப்பீட்டுக் கம்பெனிகள் விலக்கிக்கொண்டன, அவ்வளவுதான், சப்ளையர்கள் எல்லோரும் பணத்தை வைத்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் ஆண்டின் மிகப் பெரிய விற்பனை சீசன் நெருங்கும் நேரத்தில்.

இப்போது தெருவுக்கு வருவோம். அங்கே இருப்பவனுக்கு முதலில் இருந்தே யாரும் பெரிய கடன் கொடுக்கவில்லை, அதனால் பிடுங்கிக்கொள்ளவும் யாரும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்குச் சரக்கு எடுக்கிறான், விற்ற பணத்தை மறுபடியும் சரக்கிலேயே போடுகிறான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். 100 போட்டு வாங்கிய பொருளை 140-க்கு விற்கும் பெரிய கடையில் அந்தச் சரக்கு வருடத்துக்கு இரண்டு முறைதான் சுழல்கிறது என்று வையுங்கள், வாடகை சம்பளம் எல்லாம் கழிப்பதற்கு முன்னால் கையில் நிற்பது 80. தெருக்கடைக்காரர் 110-க்குத் தள்ளிவிடுகிறார், ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை. வருடத்துக்கு 24 முறை, 240. மந்தநிலையில் இந்த இரண்டு முறை ஒன்றரை முறையாகக் குறைந்தாலும் அவர் நிற்பார். பெரிய கடையில் சரக்கு தேங்கினால் அது டெட் ஸ்டாக்.

அடுத்தது சரக்கு வரும் வழி. எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே ரொம்பச் சுவாரஸ்யமான பகுதி. பொருளாதாரம் சரிந்தால் முதலில் ஆர்டர்கள் ரத்தாகும். தைத்து முடித்து, லேபிள்கூட ஒட்டிய துணி தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பெரிய கடைகள் மூடும்போது அலமாரியில் இருப்பது எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். இதை லாட் லாட்டாக, எண்ணிப் பார்க்காமல்கூட, ரொக்கம் கொடுத்து எடுக்க யாராவது வேண்டும். அந்த ஆட்கள்தான் மலிவுக் கடைத்தெருவுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். அடுத்தவன் வீட்டில் இழவு விழும்போது இவனுக்கு அறுவடை என்று சொன்னால் கொஞ்சம் கொடூரமாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுதான். வாங்குகிறவர் கையில் காசு குறையும் அதே நேரத்தில் கடைக்காரரின் கொள்முதல் விலையும் இறங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் சான்டி ஆலி என்று ஒரு சந்து இருக்கிறது, 150-க்கும் மேற்பட்ட கடைகள், அந்த நகரத்தின் ஃபேஷன் டிஸ்ட்ரிக்ட் நடுவிலேயே. சுற்றிலும் மொத்த வியாபாரக் கடைகள், தையல் பட்டறைகள். மீந்துபோன துணிக்கு லாரிகூடத் தேவையில்லை, தள்ளுவண்டி போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தெருவில் இருக்கும் ஒவ்வொரு கடையும் பிழைப்பதில்லை. நிறைய விழும். ஆனால் அந்த இடம் சின்னது, அட்வான்ஸும் அதற்கேற்றபடி, இன்னொருவர் வேறு சாமானோடு சீக்கிரம் உள்ளே வந்துவிடுவார். ஜனம் வருவதே தெருவுக்காகத்தான், குறிப்பிட்ட கடைக்காக இல்லை, அதனால் ஒரு கடை மாறியதைக்கூடப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. வூல்வொர்த்ஸ் காலி செய்த பெரிய இடங்களுக்கு ஆள் பிடிப்பதே பெரும் பாடாகி, அவற்றில் நிறைய கடைசியில் பவுண்ட்லேண்ட் போன்ற மலிவுக் கடைகளின் கைக்குத்தான் போயின.

அப்புறம், இந்தத் தாக்குப்பிடிப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்று யாரும் பேசுவதில்லை. வியாபாரம் டல் என்றால் முதலாளி வேலை ஆளைக் குறைத்துவிட்டு மனைவியைக் கல்லாவில் உட்கார வைக்கிறார், பையன் மூட்டை தூக்குகிறான், கடை இரவு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கிறது. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் வராது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மன உறுதி மாதிரி தெரியும், எனக்கு அது சம்பளம் இல்லாத வேலையாகத்தான் தெரிகிறது.

இப்போது தலைப்பில் சொன்ன வாடகை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபுல்டன் மால் என்று ஒரு கடைத்தெரு. பெயர்தான் மால், உண்மையில் அது சாலை. அப்போது வசதியானவர்கள் முகம் சுளித்த இடம், ஆனால் வியாபாரம் கொட்டிய இடம். நல்ல காலத்தில், 2004-ல், நகர நிர்வாகம் அந்தப் பகுதியில் உயரமான கட்டிடங்களுக்கு வழிவிட்டு விதிகளை மாற்றியது. நிலத்தின் மதிப்பு ஏறியது. அதே தெருவில் சின்னச் சின்னக் கடைகள் நிறைந்த ஆல்பி ஸ்கொயர் மாலை 2007-ல் மூடி இடித்தார்கள், பெரிய கோபுரம் கட்டப் போகிறோம் என்று. அப்போதுதான் நிதி நெருக்கடி வந்தது, பணம் நின்றது, அந்த இடம் வருடக்கணக்கில் வெறுமனே கிடந்தது. மந்தநிலையைத் தாங்கியிருக்கக்கூடிய கடைகளை மந்தநிலை வருவதற்கு முன்பே காலி செய்துவிட்டு, தாங்க முடியாத ஒன்றை அங்கே கொண்டுவரப் பார்த்தார்கள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மாறாக டோக்கியோவின் அமேயோகோவைப் பாருங்கள். போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையில் பிறந்த தெரு, உவேனோ ஸ்டேஷன் பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டியும் அதன் அடியிலும் சுமார் 400 கடைகள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சொத்து விலைக் குமிழி வெடித்த பிறகும் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. தலைக்கு மேலே ரயில் ஓடும் இடத்தில் கோபுரம் கட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் ஊகம்தான்.

2020 வேறு கதை. அப்போது காசு மட்டும் குறையவில்லை, ஆள் நடமாட்டமே நின்றது. நெரிசல்தான் முதலீடு என்று வாழும் தெருவுக்கு அதற்கு மருந்து கிடையாது.

உங்களுக்குத் தெரிந்த தெரு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லோரும் டல் என்றுதான் சொல்வார்கள். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கட்டிடம் சமீபத்தில் கை மாறியதா என்று கேளுங்கள். லாட் எடுப்பவர்கள் விலை பேசும் விதத்தை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.