ஓட்டுநரின் கால்சட்டையும் குழந்தையின் நான்கு நிமிடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

உடல் பருமனைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் பெண்களையும் குழந்தைகளையும் மனதில் வைத்துப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் தொடங்கப்போவது சில ஆண்களின் கால்சட்டையிலிருந்து.

லண்டன் மாடிப் பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1950-களின் தொடக்கம். ஒவ்வொரு பேருந்திலும் இரண்டு பேர் வேலை பார்ப்பார்கள். ஓட்டுநர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். நடத்துநருக்கு உட்காரவே நேரமிருக்காது. டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஜெரெமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வருகிறது என்று 1953-ல் எழுதினார். அப்புறம் அவர் சீருடைப் பதிவேட்டைப் புரட்டினார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அங்கேதான் சிக்கல் பிடித்தது. உட்கார்ந்ததால் இடுப்பு பெருத்ததா, இடுப்பு பெருத்தவர்கள்தான் உட்காரும் வேலைக்குப் போனார்களா?

அந்தக் கேள்வி, பருமனை ஆராயும் எங்கள் துறையை இன்னும் விடவில்லை. இங்கிலாந்தில் பிளைமவுத் நகரில் ஏறத்தாழ 200 குழந்தைகளை 7 வயதிலிருந்து 10 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். உடலில் கொழுப்பு அதிகமிருந்த பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் பின்னால் குறைந்தன. ஓட்டம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் கொழுப்பு கூடியதா என்று பார்த்தால், அப்படித் தெரியவில்லை. "சும்மாவே உட்கார்ந்திருக்கிறாய், அதனால்தான் குண்டாகிறாய்" என்று பிள்ளையைத் திட்டுகிறோமே, முன்னதைப் பின்னதாக்கித் திட்டுகிறோமோ என்னவோ. ஒரே ஒரு ஆய்வு. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம், அவ்வளவுதான்.

மோரிஸின் கணக்கில் பெண்கள் இல்லை. பெண்களை மட்டுமே வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1,21,700 செவிலியர்கள் அதில் சேர்ந்தார்கள். கருத்தடை மாத்திரையின் விளைவுகளை அறியத்தான் அது தொடங்கப்பட்டது; உணவும் உடலுழைப்பும் பிறகு சேர்ந்துகொண்டன. அவர்களில் 50,277 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியான முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாளில் டிவி பார்க்கும் நேரம் இரண்டு மணி கூடினால், பருமனாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. வேலையிடத்தில் உட்காரும் நேரம் அதே இரண்டு மணி கூடினால்? 5 சதவீதம்தான். இரண்டும் உட்காருவதுதானே! ஆக, குற்றவாளி நாற்காலி மட்டுமல்ல. டிவி முன்னால் கை வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. விளம்பரம் வேறு அதைத் தூண்டுகிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை. வீட்டுக்குள் நிற்பதும் நடமாடுவதும் நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடினால் பருமனாகும் வாய்ப்பு 9 சதவீதம் குறைந்தது. நான் படிவத்தோடு வீடு வீடாகப் போன காலத்தில் "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் துடைப்பம், நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண் "அதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்று சிரித்தார். நானும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தேன். ஓய்வு நேரத்தில் செய்வதை மட்டுமே உழைப்பாக எண்ணும் படிவம், ஓய்வே இல்லாதவரைச் சோம்பேறி என்று எழுதிவிடுகிறது. இன்று அந்தப் படிவத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, எவ்வளவு நடந்தால் எடை கூடாமல் இருக்கும்? இதற்கு வந்த பதில் பலருக்குப் பிடிக்கவில்லை. 34,079 பெண்களை 13 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2010-ல் வெளியானது. அவர்கள் சராசரியாக 2.6 கிலோ கூடியிருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 200 கிராம். கண்ணாடிக்குத் தெரியாது, உடுப்புக்கும் தெரியாது. இப்படித்தான் பருமன் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. தொடக்கத்தில் சரியான எடையில் இருந்து, அதை அப்படியே காத்துக்கொண்ட பெண்கள் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைத்தவர்கள். முன்பே எடை கூடியிருந்தவர்களிடம் உழைப்புக்கும் எடைக்கும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அதனால்தான் எடை ஏறுவதற்கு முன்பே தடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

இதைக் கேட்டுவிட்டு நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். சராசரி 72 வயதான 16,741 பெண்களின் காலடிகளை எண்ணிய 2019 ஆய்வில், நாளுக்கு 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் ஏதும் தென்படவில்லை. அந்தப் புகழ்பெற்ற 10,000 அடி இருக்கிறதே, அது 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. நடை ஆயுளுக்கு நல்லது. எடையைக் காப்பதற்கு நடையை மட்டும் நம்ப முடியாது.

குழந்தைகளுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் இரண்டு பள்ளிகளின் 192 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு சோதனை 1999-ல் வெளியானது. அவர்களில் ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்கு டிவி, வீடியோ, வீடியோ கேம் நேரத்தைக் குறைக்க மட்டும் கற்றுத்தந்தார்கள். உணவு பற்றியும் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கல்வியாண்டு முடிவில் மற்ற பள்ளியைவிட இவர்களின் எடை ஏற்றம் குறைவு. டிவியை அணைத்ததும் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்? 2008-ல் வெளியான இன்னொரு சோதனையில் 70 சிறு குழந்தைகளின் வீட்டில் திரை நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் கருவியைப் பொருத்தி, இரண்டு ஆண்டு அளந்தார்கள். ஓட்டம் கூடவில்லை. சாப்பிட்டது குறைந்திருந்தது.

"தினமும் ஓடு, விளையாடு" என்று சொல்லும் திட்டங்கள் என்ன சாதித்தன? பிள்ளைகளின் உடலில் அசைவை அளக்கும் கருவி கட்டி அளந்த 30 சோதனைகளை 2012-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் துடிப்பான அசைவு நாளுக்குக் கூடியது சுமார் நான்கு நிமிடம். அவ்வளவு வகுப்பு, அவ்வளவு ஆசிரியர்கள், கடைசியில் நான்கு நிமிடம்! உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை கேட்பது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்.

அறிவுரையே இல்லாமல் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தில் 641 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சோதனை ஒரு உதாரணம். தினமும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாத இனிப்புப் பானம். எது எவருக்கு என்று பிள்ளைகளுக்கும் தெரியாது. 18 மாதத்தில் இரு பக்கத்துக்கும் எடை ஏற்றத்தில் ஒரு கிலோ வித்தியாசம். ஒருவரும் எதையும் மறுக்கவில்லை, மன உறுதியைச் சோதிக்கவில்லை. இங்கிலாந்தில் 2018-ல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தது. வரிக்குப் பயந்து நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன. அதன் பிறகு 10, 11 வயதுப் பெண் குழந்தைகளிடம் பருமன், வரி இல்லாவிட்டால் இருந்திருக்கும் என்று கணித்ததைவிட 8 சதவீதம் குறைவாக இருந்தது. பையன்களிடம் அப்படித் தெரியவில்லை.

தின்பண்டத்தை வீட்டில் பூட்டி வைத்தால் போதாதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். லீயன் பிர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் ஒரு தின்பண்டத்தை ஜாடியில் போட்டு, பிள்ளைகளின் கண்ணில் படும்படி வைத்து, தொடக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் அதைப் பற்றியே பேசினார்கள், அதைத்தான் கேட்டார்கள். கண்ணுக்கு எட்டிக் கைக்கு எட்டாததை விட்டுவிடுமா பிள்ளை மனம்? வாங்கி வைத்துவிட்டு மறுப்பதைவிட வாங்காமலே இருப்பது எல்லாருக்கும் எளிது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 146 நாடுகளின் 2016 நிலவரப்படி, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதத்தினர் அந்த 60 நிமிடத்தை எட்டுவதில்லை. பையன்களில் 78 சதவீதம். பெண்களின் ஓட்டமும் ஆட்டமும் எப்போது சரிகின்றன? அமெரிக்காவில் 2,379 சிறுமிகளை 9, 10 வயதிலிருந்து 18, 19 வயதுவரை கவனித்தார்கள். கறுப்பினப் பெண்களின் ஓய்வுநேர விளையாட்டும் பயிற்சியும், எல்லாரையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் பெண்ணின் அளவைப் பார்த்தால், கடைசியில் பூஜ்ஜியம். வெள்ளையினப் பெண்களுக்கு 64 சதவீதம் சரிந்திருந்தது. உடல் எடை கூடுதலாக இருந்த சிறுமிகளிடம் சரிவும் அதிகம்.

பார்த்தீர்களா, சுற்றி வந்து மறுபடி அந்தக் கால்சட்டையிடமே நிற்கிறோம். எடை கூடிய ஒரு சிறுமியை வகுப்பில் எல்லார் முன்னாலும் எடைபோட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்ன மறுநாள், அந்தப் பெண் விளையாட வருவாளா என்று நான் ஆசிரியர்களைக் கேட்பதுண்டு. திரைக்குப் பின்னால் எடைபோட்டு, சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க ஐந்து விநாடிதான் கூடுதலாக ஆகும்.

நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசிவிட்டேன், எழுந்து நடக்கப் போகிறேன். வணக்கம்.