ரோஜா முத்திரை

வணக்கம். வீட்டு அலமாரியில் பழைய ஜப்பான் பீங்கான் தட்டு ஏதாவது இருந்தால் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பூ வேலைப்பாட்டை அப்புறம் ரசிக்கலாம். அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஜப்பானில் நகோயா நகரை ஒட்டி நோரிடாகே என்றொரு சிற்றூர். 1904இல் மொரிமுரா சகோதரர்களின் வணிகக் குழு அங்கே பீங்கான் ஆலை தொடங்கியது. நியூயார்க்கில் அவர்களுக்கு முன்பே கடை உண்டு. ஆகவே யாருக்கு விற்பது என்பதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் தட்டில்தான். பூச்சாடியும் கிண்ணமும் ஒழுங்காக வந்தன. 25 செ.மீ. அகலச் சாப்பாட்டுத் தட்டு மட்டும் சூளையில் வேகும்போது கோணிக்கொண்டது. பத்து வருடம் மல்லுக்கட்டி, 1914இல்தான் முழு டின்னர் செட் செய்து முடித்தார்கள். அதே வருடம் ஐரோப்பாவில் போர். ஜெர்மன் சரக்கு அமெரிக்காவுக்கு வராமல் நின்றுபோக, ஜப்பானுக்கு அடித்தது யோகம். பீங்கான் பொம்மைக்குக்கூட ஜப்பானைத் தேடி வந்தார்கள்.

அடுத்த போரில் வாங்குகிறவனே எதிரியாகிவிட்டான். 1941இல் நியூயார்க் கடை மூடப்பட்டது. சரி, சூளையை அணைத்துவிட்டார்களா? இல்லை, சாணைச் சக்கரம் சுட்டார்கள். உராய்வுத் துகளைக் களிமண் கலவையோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் வைத்தால் சாணைச் சக்கரம். பீங்கான்காரனுக்குக் கைவந்த வேலைதானே! ஆயுத ஆலைகளில் உலோகத்தை இழைக்க அது வேண்டியிருந்தது.

மற்ற ஊர்ச் சூளைகளின் பாடு இன்னும் விசித்திரம். இரும்பும் செம்பும் ராணுவத்துக்குப் போய்விட்டதால் இஸ்திரிப் பெட்டியைப் பீங்கானில் செய்தார்கள். கையெறி குண்டின் கூட்டையும் செய்தார்கள். 1945இல் காசுகூடச் சுட்டார்கள். புழக்கத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. அந்நாளைய தட்டுகளின் அடியில் செய்தவர் பெயர் இருக்காது. ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். கைதிச் சட்டை மாதிரி.

போருக்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். நோரிடாகே ஆலை மறுபடியும் தட்டு செய்யத் தொடங்கியது. நல்ல மூலப்பொருள் இல்லை; பழைய தரம் வரவில்லை. வாங்க அமெரிக்கப் படையினர் இருந்தார்கள், காசும் தேவைப்பட்டது. ஆனாலும் அந்தத் தட்டில் ‘நோரிடாகே’ என்ற தன் பெயரைப் போட நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. ஒரு ரோஜாவைப் போட்டு ‘ரோஸ் சைனா’ என்று விற்றது. வயிறு காய்ந்த நாளில் இப்படி ஒரு வீம்பு! தரம் தேறி, 1948 வாக்கில்தான் பழைய பெயர் திரும்பியது. ஏற்றுமதிச் சரக்கின் முத்திரையில் ‘ஆக்குபைட் ஜப்பான்’, அதாவது அந்நியர் பிடியிலுள்ள ஜப்பான், என்ற வாசகம் மட்டும், அந்நிய ஆட்சி 1952இல் முடியும்வரை தொடர்ந்தது.

1972இல் மாத்தளையிலும் ஓர் ஆலை வந்தது. இலங்கை அன்பர்களின் வீட்டுத் தட்டு அங்கே செய்ததாகவே இருக்கலாம். சாணைச் சக்கரத்தை நிறுவனம் இன்னும் விடவில்லை. பெயர் போட மறுத்த அந்தத் தட்டுகளையோ, சேகரிப்பாளர்கள் ரோஜாவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.