நாள் தப்பிய தண்ணீர்

பெரியோர்களே, விவசாயத் தோழர்களே,

மேட்டூர் அணை திறப்பு என்றால் காவிரி டெல்டாவில் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023-இல் நாள் தவறவில்லை, ஆனால் அக்டோபர் 10-இல் மூடவேண்டியதாயிற்று. 2024-இல் ஜூலை 28. மூன்று ஆண்டுக்குள் இரண்டு மாதம் முன்பின்! மொத்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்பது ஏட்டுக்குச் சரி. நெல்லுக்குத் தேதிதான் முக்கியம்.

110 நாளில் விளையும் குறுவை நெல்லை ஆகஸ்ட் முதல் வாரம் விதைத்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் பூக்கும், நவம்பர் மூன்றாம் வாரம் அறுப்பு. இரண்டும் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். நெற்பூ முற்பகலில் கொஞ்ச நேரம்தான் விரியும். அப்போது மழை அடித்தால் மகரந்தம் நனைந்து கதிர் பதராகும். 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தாலும் பதர்தான். தப்பித்த கதிரும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்பார்கள். அந்த மழையில் எங்கே காயவைப்பது?

ஆகவே தண்ணீர் தாமதமானால் குறுவையை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் விதைப்பதானால் 155 நாள் நெல் ரகமான சி.ஆர். 1009 சரி. செப்டம்பர் நடுவைத் தாண்டினால் 130, 135 நாள் ரகத்துக்கு இறங்குங்கள். வழக்கப்படி ஜனவரி 28-இல் அணை மூடிவிடும், நீண்ட ரகம் பால் பிடிக்கும்போது வாய்க்கால் வறண்டுகிடக்கும்.

பள்ளக்கால் வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 இருக்கிறது. இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும். கதிர் வந்தபின் மூழ்கினால் அந்தத் தாங்கும் சக்தியை நம்பாதீர்கள். வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் எந்த ரகமும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளம் வடிந்த மறுநாளே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேருக்கு மூச்சில்லை. தண்ணீரை வடித்து மண்ணுக்குக் காற்றுப் பட விடுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். இலை மஞ்சளாகவே நின்றால் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழை விட்ட மாலையில் தெளியுங்கள்.